ரயிலேறி வேலூருக்கு வருகிறார்கள்... பக்கத்து ஆம்பூர் பெண்களுக்கு என்ன தடை?

வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று எங்கும் வங்காள எழுத்துப் பலகைகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், எல்லை தாண்டி வங்கதேசம் வரையிலிருந்தும் புற்றுநோய் சிகிச்சைக்காக வருகிறார்கள். அறை எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு வாரக்கணக்கில் தங்குகிறார்கள்.

இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். அங்கே ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், முதலில் வரும் பயம் லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்பது. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் போக வேண்டும். பயம் நியாயமானதே.

ஆனால், அவருடைய சம்பளச் சீட்டிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களிடம் இ.எஸ்.ஐ-க்காக 0.75 சதவிகிதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவிகிதம் கட்டுகிறது. காய்ச்சல் மாத்திரை வாங்கத்தான் இது என்று நினைப்பவர்கள் உண்டு. புற்றுநோய் சிகிச்சையும் இதில் அடக்கம், குடும்பத்தாருக்கும் சேர்த்து. இ.எஸ்.ஐ மருந்தகத்தில் தொடங்கி, வேலூர் இ.எஸ்.ஐ மருத்துவமனை வழியாக, அங்கே இல்லாத சிகிச்சைக்கு ஒப்பந்த மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். அவசரம் இல்லாதபோது கடிதம் வாங்காமல் நேரே போய்ச் சேர்ந்துவிட்டால், செலவழித்த பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

சம்பள விஷயம் இன்னும் முக்கியம். சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள், 70 சதவிகிதம். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவிகிதம், இரண்டு ஆண்டுகள் வரை. இதற்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்து, அதில் 156 நாள்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகை வாங்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ சட்டத்தின் 73-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்.

சம்பளச் சீட்டே இல்லாதவர்கள்? ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள் நிறைய. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் தைக்காத நாளுக்குக் கூலி கிடையாது. கம்பெனிக்குள் தைத்தால் இரண்டு ஆண்டு உதவித்தொகை, அதே ஷூவைத் திண்ணையில் உட்கார்ந்து தைத்தால் ஒன்றுமில்லை என்பது அநியாயம். கல்நார் ஆலைத் தொழிலாளர்கள் வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் அடிப்படை உரிமை என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலூர் டேனரிகளின் மாசு குறித்த புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

தோல் வேலையால்தான் புற்றுநோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தோல் தூசியையும், ஆறு இணைதிறன் குரோமியத்தையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் தமிழகப் பெண்களை அதிகம் தாக்குவது மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள். இரண்டையும் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். இதற்கான பரிசோதனைத் திட்டத்தை அரசு 2023-ல் நான்கு மாவட்டங்களில் முதலில் தொடங்கியபோது, ராணிப்பேட்டையும் ஆம்பூர் இருக்கும் திருப்பத்தூரும் அதில் இருந்தன.

சிகிச்சை தொடங்கிவிட்டால் பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் நோயாளியின் உரிமைதான். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. சென்னை போகும் வழியில், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறும்போது பழைய எண்ணைக் கொடுக்காமல் புது எண் போட்டுவிட்டால், இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்பதை இ.எஸ்.ஐ இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்த மாதம் அங்கே இல்லையென்றால், இப்போதே இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிடுங்கள்.