சீருடையின் விதி யாரைக் கட்டுவது?

சீருடை அணிந்தால் ஒழுக்கம் தானே வந்தடையும் என்னும் நம்பிக்கை இந்நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. 2011ஆம் ஆண்டு மே மாதம், பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவான மாணவர்கள் இராணுவ முகாம்களுக்கு அழைக்கப்பட்டு மூன்று வாரத் ‘தலைமைத்துவப் பயிற்சி’ பெற்றனர். பின்வந்த ஆண்டுகளிற் பாடசாலை அதிபர்கள் சிலருக்கும் படைப்பயிற்சி அளிக்கப்பட்டு, மாணவர் படையணியின் பதவிநிலைகள் வழங்கப்பட்டன. கரும்பலகையின் முன் நிற்க வேண்டியவர் கேர்ணல் ஆனார். இதனை மறுத்துரைத்தோர் ஒழுங்கின் பகைவராகக் காட்டப்பட்டனர். அவ்வாறு காட்டியோர், சீருடை பற்றிய விதிகளை ஒருமுறையேனும் ஊன்றிப் படித்தனரா என்பது ஐயமே.

பொத்தான் மினுங்க வேண்டும், சப்பாத்தில் முகம் தெரிய வேண்டும் என்பன அவ்விதிகளின் வெளித்தோல் மட்டுமே. இலங்கைப் படைகள் பின்பற்றிய பிரித்தானிய மரபை நோக்குக. பதக்கம் பெற்றவன் அதனை இடமார்பில் அணிவான். மாண்டுபோன தந்தையின் பதக்கத்தை மகன் அணிய நேர்ந்தால் வலமார்பிலேயே அணியவேண்டும். பிறன் புகழைத் தன் புகழாகக் காட்டாதே என்பது இதன் பொருள். கீழ்நிலைப் படைவீரன் செய்யும் வணக்கம் அதிகாரி என்னும் ஆளுக்கன்று, அவனுக்குப் பதவியளித்த அரசின் ஆணைக்கே உரியது. ஆகவே வணக்கம் பெற்றவன் திருப்பி வணங்கக் கடமைப்பட்டவன். சீருடையில் உள்ள அதிகாரி குடை பிடித்தலும் ஆகாது, மழையாயின் நனையவேண்டியதுதான். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையோ தொண்டர் படைகளுக்கும் நிபந்தனை விதித்தது: தொலைவிலிருந்தே அறியத்தக்க நிலையான அடையாளம் வேண்டும், கீழுள்ளோரின் செயலுக்குப் பொறுப்பேற்கும் தலைவனும் வேண்டும். அடையாளமும் பொறுப்பும் அங்கு அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. இவ்விதிகள் யாவும் அணிந்தவனையே கட்டுகின்றன. பார்ப்பவனுக்கு அவற்றில் ஒரு கட்டளையும் இல்லை.

ஹட்டனிலோ இந்த முறைமை தலைகீழாயிற்று.

1900ஆம் ஆண்டு ‘இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை’ உருவாகியது. கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட அத்தொண்டர் படையில் ஐரோப்பியர்க்கு மட்டுமே இடமிருந்தது. வார நாளில் மலையில் வேலை வாங்கும் துரை, பயிற்சி நாளிற் காக்கி அணிந்து படைவீரனானான். காக்கியைக் கழற்றிய பின்பும் தோட்டத்தில் படைமுகாமின் வாடை நீங்கவில்லை. விடியலில் தப்படித்துப் பிரட்டுக்களத்தில் ஆள் நிறுத்தினர். ‘பிரட்டு’ என்ற சொல்லே படையினரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. மக்கள் குடியிருந்த ‘லயன்’ என்பதும் படைவீரர் குடியிருப்பு வரிசைக்கு வழங்கிய பெயரே. ஆனால் படைவீரனுக்குரிய உரிமைகளுள் ஒன்றேனும் அந்த லயத்துக்குள் நுழையவில்லை.

துரை குதிரையில் வந்தால் தொழிலாளி பாதையை விட்டு இறங்கவேண்டும், தலைப்பாகையை அவிழ்க்கவேண்டும், செருப்பிருந்தால் கழற்றவேண்டும், விரித்த குடையை மடக்கவேண்டும். ஹட்டன், டிக்கோயாப் பகுதியின் தென்மேற்குப் பருவமழையை அறிந்தோர் கடைசி விதியின் கொடுமையை உணர்வர். தனது சீருடையின் மதிப்புக்காகத் தான் நனைவது படைமரபு. தனது மதிப்புக்காகப் பிறனை நனைய விடுவது தோட்ட மரபு. தொழிலாளியின் சலாத்தைத் துரை திருப்பித் தரவேண்டும் என்றும் எவரும் விதித்ததில்லை.

உடையின் கணக்கையும் பார்க்கவேண்டும். படைவீரனுக்கு உடை கொடுப்பது அரசின் கடமை. குளிருக்கும் மழைக்கும் தொழிலாளி போர்த்திய கறுப்புக் கம்பளியும் தோட்டத்தாலேயே கொடுக்கப்பட்டது. ஆனால் அதன் விலை அரிசிக் கடனோடு சேர்த்துப் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கொழுந்து பறிப்பவள் இடுப்பிற் சுற்றிய படங்கு சீருடையைப் போலவே எல்லோருக்கும் ஒன்றாயிருந்தது. அதற்கு அணிவகுப்பு மரியாதை செய்தோர் எவருமிலர்.

துரைமார் படையினரும் இரத்தம் சிந்தினரே என்பர் சிலர். உண்மை. 1914 ஒக்டோபரில் அவர்களுள் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறியது; கலிப்பொலியிலும் நின்றது; போர் முடிவதற்குள் எண்பது பேர் வரை மாண்டனர். அவர்களின் வீரத்தை மறுப்பது சிறுமை. ஆனால் கலிப்பொலியிற் காட்டிய ஒழுங்கு ஹட்டன் மலைப்பாதையில் ஏன் காணப்படவில்லை என்ற வினாவுக்கு அந்த எண்பது கல்லறைகளும் விடையாகா.

1949 ஏப்ரலில் அப்படை கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரிலே சுதந்திர நாட்டின் இராணுவம் தோன்றிற்று. அதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அப்படையினரின் தோட்டங்களில் உழைத்த மக்களை நாடற்றவராக்கியிருந்தது. குடியுரிமையற்றவனுக்கு அரச சேவையின் வாயில் திறக்குமா? துரையின் காக்கிக்கு முன் குடை மடக்கியவனின் பேரன், தன் நாட்டின் காக்கியை அணியவும் தகுதியற்றவனானான். அந்த வழுவை முற்றாக நீக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடைக்காலத்தில் சீருடையின் மற்றொரு முகத்தையும் மலையகம் கண்டது. தோட்டக்காணி 7000 ஏக்கரைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11ஆம் நாள், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள டெவன் தோட்டத்திற் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். பொலிஸ்காரனின் தோளில் இலக்கம் பொறிப்பது அழகுக்காகவன்று. இன்னான் இதைச் செய்தான் என்று குடிமகன் சுட்டிச் சொல்வதற்காக. அந்த இலக்கத்தைத் துணிந்து வாசிக்கும் உரிமையைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த அணிவகுப்புப் பயிற்சி கற்பித்தது? மார்பை நிமிர்த்தவும் காலைத் தூக்கி வைக்கவும் கற்பித்தனர்; கேள்வி கேட்பதை ஒழுங்கீனம் என்றனர்.

ஹட்டன் பாடசாலை ஒன்றில் மாணவர் படையணி அமைக்கப்படுவதில் தவறில்லை. ஆயின் முதற்பாடம் சப்பாத்து மினுக்குவதாக இருத்தல் வேண்டாம். வணக்கத்தைத் திருப்பித் தரும் விதி முதலிற் கற்பிக்கப்படட்டும். பாட்டன் மடக்கிய குடையின் கதையும் அவ்வகுப்பிற் சொல்லப்படட்டும். கற்பிக்க வரும் அதிபர், தாம் போரிற் பெறாத பட்டிகளைத் தோளிலிருந்து கழற்றிவைத்துவிட்டு வரட்டும்.