பாளையங்கோட்டைப் பட்டாளம் இறங்கிய கரை

கொட்டிவாக்கம் குப்பத்தில் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றால் பைபர் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறுவதைப் பார்க்கலாம். கரைக்கு நூறு அடி தள்ளி இன்ஜினைக் குறைத்துவிட்டு அப்படியே மிதந்துகொண்டிருப்பார்கள். பின்னால் வரும் அலையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஓர் அலை போகும், இன்னொன்று போகும், மூன்றாவதையும் விட்டுவிடுவார்கள். சட்டென்று நான்காவதின் முதுகில் ஏறி முழு வேகத்தில் வந்து மணலில் மோதி நிற்பார்கள். கரையில் காத்திருப்பவர்கள் ஓடிப்போய்ப் பிடித்து இழுப்பார்கள்.

போன வாரம் ஒரு போட் அந்த நூறு அடியில் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. அதில் இருந்த இருவரும் நீந்தி வந்துவிட்டார்கள். மீன் போயிற்று, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "என்னண்ணே ஆச்சு? கடல் அமைதியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போறது ஒண்ணும் இல்ல சார். கரைக்கு வர்றதுதான் கஷ்டம். நேத்து இருந்த எடத்துல இன்னிக்கு மணலு இருக்காது" என்றார்.

விடிவதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் மணலைத் துழாவிப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, வருகிற போட்டுகளுக்குத் துண்டை ஆட்டிக் காட்டுவார். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை, இறங்கவில்லை. அதைச் சொல்லும்போது, கவிழ்ந்தது தன் தப்புதான் என்பதுபோல் முகம் வாடிப்போயிற்று.

கடலிலிருந்து கரைக்கு வருவது என்றதும் எனக்குப் பாட்டியின் கதைதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் 'இவாக்குவேஷன்' என்பது ஒரு காலக்கணக்கு. "இவாக்குவேஷனுக்கு முந்தி" என்றுதான் பாட்டி கதையை ஆரம்பிப்பாள். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைக் கரையில் படை இறங்கப்போகிறது என்று ஊரே நம்பியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மூர் மார்க்கெட் பக்கத்து விலங்குக் காட்சிசாலையில், கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்று கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாட்டி இரண்டு குழந்தைகளும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகக் கும்பகோணத்துக்கு ரயிலேறினாள்.

வங்காள விரிகுடாவுக்குள் வந்த ஜப்பானியக் கப்பற்படையோடு கரையிறங்கும் படை எதுவும் வரவில்லை. இலங்கையைப் பிடித்துவிடலாம் என்று ஜப்பானியக் கப்பற்படையினர் கேட்டிருந்தார்கள், தரைப்படையினர் அதற்கு ஆட்களைத் தர மறுத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஊரைக் காலி செய்யச் சொன்ன அன்றைய அரசைக் கோழை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் அவர்களும் முடிவெடுத்தார்கள்.

கடல்வழியாக வந்து சென்னையைப் பிடித்தவர்களும் உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே ஆட்களை இறக்கினார். சில நாள் பீரங்கிச் சண்டையில் கோட்டை பணிந்தது. பிரெஞ்சுப் பக்கம் உயிர்ச்சேதம் கிட்டத்தட்ட இல்லை. அக்டோபர் நடுவில் ஒரு ராத்திரி புயல் அடித்தது. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்துச் சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். பல கப்பல்கள் மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஐப்பசியில் இந்தக் கடல் என்ன செய்யும் என்பது கட்டுமரக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது பாளையங்கோட்டை என்று பெயர் சுமந்த ஒரு பட்டாளத்தின் கதை.

முதல் உலகப்போரின்போது, 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேரோடு கப்பல்கள் கிளம்பின. இன்றைய தான்சானியாவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் தாங்கா என்ற துறைமுகத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடிக்க வேண்டும். அந்தப் படையில் ஒன்று, சென்னை மாகாணத்துச் சிப்பாய்களைக் கொண்ட 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. கடலையே பார்த்திராத எத்தனையோ பேர் அந்தக் கப்பல்களின் புழுக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தார்கள். தளபதி ஐட்கன் மொம்பாசாவில் இறங்கி ஆலோசனை நடத்தினார். சிப்பாய்களை இறக்கி இரண்டு நாள் காலாற நடக்கவிடவில்லை.

நவம்பர் 2 அன்று 'பாக்ஸ்' என்ற போர்க்கப்பல் முதலில் தனியாகத் தாங்கா துறைக்குள் போயிற்று. சரணடையுங்கள் என்று ஜெர்மானியருக்குக் கெடு வைத்தது. துறையில் கண்ணிவெடி போட்டிருக்கிறீர்களா என்று அவர்களையே கேட்டது. ஜெர்மன் அதிகாரி பேச்சை இழுத்தடித்தார். வருகிறோம் என்று சொல்லியாயிற்று, எங்கே வருகிறோம் என்றும் காட்டியாயிற்று. உள்நாட்டில் இருந்த ஜெர்மன் தளபதி லெட்டோ-பார்பெக் கிடைத்த ரயிலில் எல்லாம் ஆட்களை ஏற்றிக் கரைக்கு அனுப்பினார். மொத்தம் ஆயிரம் பேர் சேர்ந்தார்கள்.

ஐட்கனோ கரையை நெருங்கிப் பார்க்க ஆளனுப்பவில்லை. படகுகள் போய் நின்ற இடம் அலையாத்திக் காடு. சேறும் வேருமாக இருந்த தண்ணீரில் இறங்கி, துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். 4ஆம் தேதி நண்பகல் வெயிலில், பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத புதருக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் முன்னேறச் சொன்னார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் சுட ஆரம்பித்தன. பாளையங்கோட்டைப் பட்டாளம் சிதறிக் கடற்கரையைப் பார்த்து ஓடியது. மரங்களில் இருந்த தேன்கூடுகள் குண்டு பட்டுக் கலைந்து, தேனீக்கள் வேறு கொட்டின. 'தேனீப் போர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. மறுநாள் எல்லோரையும் திரும்பக் கப்பலில் ஏற்றினார்கள். எண்ணூறு பேருக்கு மேல் மாண்டோ காயம்பட்டோ போனார்கள். கரையில் விட்டுவந்த துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் ஜெர்மானியருக்கு நெடுநாள் உதவின.

பழி சிப்பாய்கள்மேல் விழுந்தது. இந்தியத் துருப்புகள் நிற்கவில்லை, ஓடிவிட்டன என்று எழுதினார்கள். ஐட்கனும் பதவியிழந்தார், அது உண்மை. ஆனால் நூறு வருஷம் கழித்தும் தாங்காவைப் பற்றிய புத்தகத்தைத் திறந்தால் பாளையங்கோட்டை என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓட்டம் என்ற சொல்தான் நிற்கிறது. இரண்டு வாரம் கப்பலில் சுருண்டு கிடந்தவனை, யாரும் பார்க்காத கரையில், எதிரிக்குத் தகவல் சொல்லிவிட்டு இறக்கினால் அவன் வேறு என்னதான் செய்வான்? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முப்பது வருஷம் கழித்து, இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சுக் கடற்கரையில் விடுமுறைக்குப் போனவர்கள் எடுத்த புகைப்படங்களை எல்லாம் அனுப்பச் சொல்லி பிபிசி கேட்டது. ராத்திரியில் நீந்திப் போய், எதிரியின் காவலுக்குக் கீழேயே மணலைத் துளைத்து எடுத்துவந்தார்கள், டாங்கி புதையுமா என்று பார்க்க. நம் கடற்கரையில் ஏற்றவற்றத்துக்கு மூன்று, நான்கு அடிதான் வித்தியாசம், அதனால் நாம் அதை நினைப்பதே இல்லை. அங்கே இருபது அடி. எதிரி ஊன்றி வைத்த தடைகள் வெளியே தெரியும்படி தண்ணீர் வற்றியிருக்க வேண்டும், அது விடியற்காலையாக இருக்க வேண்டும், முந்தைய ராத்திரி நிலவும் வேண்டும். எல்லாம் பொருந்துவது மாதத்தில் சில நாட்கள்தான். 1944 ஜூன் 5 என்று குறித்தார்கள். வானிலை அதிகாரி ஸ்டாக் காற்று பலமாக அடிக்கும் என்றார், ஒரு நாள் தள்ளினார்கள். 6ஆம் தேதி ஓர் இடைவெளி தெரிகிறது என்றார், போனார்கள். அதை விட்டிருந்தால் ஏற்றவற்றம் அடுத்துப் பொருந்தும் தேதி 19 வாக்கில். அந்த 19ஆம் தேதிதான் பெரும்புயல் வந்து அமெரிக்கர்களின் செயற்கைத் துறைமுகத்தை நொறுக்கியது.

இவ்வளவும் செய்துவிட்டு, தளபதி ஐசனோவர் தன் கையால் ஒரு சீட்டு எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். இறங்கும் முயற்சி தோற்றுப்போனால் வெளியிட வேண்டிய அறிவிப்பு அது. வீரர்கள் தங்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள், தவறு இருந்தால் அது தன்னுடையது மட்டுமே என்பது சாரம். அவசரத்திலோ கவலையிலோ ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை என்று தேதி போட்டிருந்தார். பாளையங்கோட்டைச் சிப்பாய்களுக்கு இப்படி ஒரு சீட்டெழுத ஆள் இல்லாமல் போனது.

ஆளனுப்பிப் பார்த்தாலும் கடற்கரை எல்லாவற்றையும் காட்டிவிடாது. மலாயாவை ஜப்பானியரிடமிருந்து மீட்க நேச நாட்டுத் தளபதி மௌண்ட்பேட்டன் போட்ட 'ஜிப்பர்' திட்டத்தில் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையைக் குறித்திருந்தார்கள். அங்கும் ரகசியமாக ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. ஆனாலும் கப்பல்கள் 1945 செப்டம்பர் 9 அன்று போய் இந்தியத் துருப்புகளை இறக்கின. எதிர்த்து ஒரு குண்டு வெடிக்கவில்லை. அப்படியும் வண்டிகள் இளகிய மணலிலும் சேற்றிலும் புதைந்து வரிசையாக நின்றுவிட்டன. கரையில் துப்பாக்கிகள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்றவர்களே கேட்டுக்கொண்டார்கள். நான் இன்னொன்றையும் நினைத்துக்கொள்கிறேன். மோரிப்புக்குப் பின்னால் பந்திங், கேரித் தீவு என்று தோட்டங்கள். லயங்களில் நம் ஜனங்கள். ஆண்களில் பலரைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். அந்தச் சண்டை நடந்திருந்தால் மிச்சமிருந்தவர்களின் தலைமேல்தான் நடந்திருக்கும்.

1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, நம் கப்பற்படையே காக்ஸ் பஜாரில் கூர்க்கா வீரர்களை இறக்கியது. அங்கும் எதிர்ப்பு இல்லை. கப்பல் தரைதட்டிய இடத்துக்கும் கரைக்கும் நடுவே, மேலே பார்த்தால் தெரியாத ஒரு பள்ளம். முதலில் இறங்கியவர்கள் சுமையோடு அதற்குள் போனார்கள், இருவர் மூழ்கிப்போனார்கள். பிறகு உள்ளூர்ப் படகுகளை வைத்துத்தான் மற்றவர்களைக் கரைசேர்க்க முடிந்தது.

நேற்று விடியலில் குப்பத்துக்குப் போனேன். பெரியவருக்கு உடம்பு தேறியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில், கைகளை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். தூரத்தில் மூன்று போட்டுகள் இன்ஜினைக் குறைத்துவிட்டு நின்றன. துண்டு இன்னும் அவர் தோளிலேயே இருந்தது.