கண்ணதாசன் குடித்தால் கவிதை, சாவித்திரி குடித்தால் பாடம்

யூடியூபில் சாவித்திரி என்று தட்டிப் பாருங்கள். மளமளவென்று வந்து விழுவதெல்லாம் அவருடைய கடைசி நாட்கள்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிற அந்தப் படம், பின்னணியில் ஒரு சோக வயலின், எந்த நடிகைக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று தழுதழுக்கிற ஓர் ஆண் குரல். கணவர், குடி, கடன், கோமா. முடிந்தது கதை. எனக்கு இந்த அனுதாபத்தின்மேல் தீராத எரிச்சல் உண்டு. வெறுமனே அழுகிறவர்களை விட்டுவிடலாம். அழுதுகொண்டே புத்தி சொல்கிறார்கள் பாருங்கள், அவர்களோடுதான் என் சண்டை.

1981 அக்டோபர் 17 அன்று கண்ணதாசன் சிகாகோவில் இறந்தார். எழுபது நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நினைவு திரும்பாமலே இருந்த சாவித்திரி சென்னையில் இறந்தார். ‘பாசமலர்’ பாட்டுகளை எழுதியவர் அவர். அந்தப் பாட்டுகளுக்கு முகமாக இருந்தவர் இவர். கவிஞர் குடித்தார், அதை மறைக்கவும் இல்லை. சொந்தப் படம் எடுத்துக் கடனில் மாட்டிக்கொண்டார், அதையும் எழுதினார். நாம் என்ன செய்தோம்? ரசித்தோம். கவிஞர்னா அப்படித்தான்யா என்று சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குப் போனோம். அவருடைய கோப்பை அவர் மேதைமையின் ஒரு பகுதியாகிவிட்டது. சாவித்திரியின் கோப்பை மட்டும் அவருடைய மொத்த வாழ்க்கையையும் குடித்துவிட்டது.

கண்ணதாசன் தன் கதையைத் தானே எழுதினார், வித்தியாசம் அங்கேதான் என்று ஒரு நண்பர் சொன்னார். சரியான பேச்சு. தன் சறுக்கலைத் தானே சொல்கிறவனுக்குக் கடைசி வார்த்தையும் அவனுடையதே. சாவித்திரியின் கதையை மற்றவர்கள்தான் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியானால் சொல்கிற நமக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்பு வேண்டாமா?

கொடுக்கிற கை விஷயத்திலும் இதே கணக்குதான். என்.எஸ். கிருஷ்ணன் கையில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். அவரை வள்ளல் என்றோம், கலைவாணர் என்று இன்றும் கும்பிடுகிறோம். சாவித்திரி 1965 போர் சமயத்தில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர். அவர் கொடுத்ததற்கு நாம் வைத்த பெயர் ஏமாளித்தனம். ஐயோ பாவம், யாரைப் பார்த்தாலும் நம்பிடுவாங்க.

ஜெமினி கணேசனைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. அவர் நல்ல நடிகர். 1952-ல் சாவித்திரியை மணந்தபோது அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார் என்பது ஊரறிந்த சங்கதி. அதே வாழ்க்கைக்காக அவருக்குக் காதல் மன்னன் என்ற பட்டமும் இவருக்கு அனுதாபமும் கிடைத்தன என்பதை மட்டும் குறித்துவைத்துவிட்டு நகர்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சாவித்திரி ஒரு இயக்குநர். இதைக் கேட்டதும், ஆமா, படம் எடுத்துத்தானே சொத்தையெல்லாம் விட்டாங்க என்பார்கள். என்ன படம், எத்தனை படம் என்று கேட்டால் பதில் வராது. 1968-ல் தெலுங்கில் ‘சின்னாரி பாபலு’. முக்கியமான துறைகளில் பெண்களையே வைத்து எடுத்த படம் அது. இசை பி. லீலா, நடனம் ராஜசுலோசனா. இன்றைக்கு ஒரு படத்தில் ஒளிப்பதிவாளர் பெண் என்றாலே தனிப் பேட்டி போடுகிறோம், இல்லையா? அதையே 1969-ல் ‘குழந்தை உள்ளம்’ என்று தமிழில் எடுத்தார். அதே வருடம் தெலுங்கில் என்.டி. ராமாராவை வைத்து ‘மாத்ரு தேவதா’. 1971-ல் சிவாஜியோடு ‘பிராப்தம்’. தான் நடித்த ‘மூக மனசுலு’வைத் தமிழுக்குக் கொண்டுவந்த முயற்சி அது. ஓடவில்லை. பணம் போயிற்று.

போகட்டுமே. சினிமாவில் பணம் போட்டுத் தோற்ற ஆண்களை வரிசையாக நிறுத்தினால் கோடம்பாக்கம் பாலம் தாங்காது. தன்னிடம் இருந்ததையெல்லாம் வைத்து 1958-ல் எம்.ஜி.ஆர். ‘நாடோடி மன்னன்’ எடுத்தார். ஜெயித்தார். அது வீரக் கதையாயிற்று. தோற்றிருந்தாலும், யாரோ ஏத்திவிட்டுட்டாங்க, விவரம் போதாது என்று அவரைப் பற்றிச் சொல்லியிருப்போமா? உச்சத்தில் இருந்த ஒரு நடிகை மெகாபோனைக் கையில் எடுத்து நான்கே வருடத்தில் இரண்டு மொழிகளில் படம் எடுத்ததை, அந்தப் படங்களைப் பார்க்காமலே பைத்தியக்காரத்தனம் என்று முடிவுகட்டிவிட்டோம். அவை மகத்தான படங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ‘பிராப்தம்’ பல இடங்களில் இழுக்கிறது. ஒரு படம் இழுக்கிறது என்று சொல்வது விமர்சனம். அந்த மரியாதையைக்கூட நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

2018-ல் வந்த ‘நடிகையர் திலகம்’ அவரை இந்தத் தலைமுறைக்குத் திருப்பிக் கொடுத்தது, மறுக்கவில்லை. கீர்த்தி சுரேஷ் தேசிய விருதுக்குத் தகுதியானவர்தான். ஆனால் படம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படும் சாவித்திரியிடம்தான். அங்கிருந்து பின்னால் போகிறது. இனி அவர் எவ்வளவு சிரித்தாலும் நமக்கு அந்தக் கட்டில்தான் தெரியும்.

‘கை கொடுத்த தெய்வம்’ (1964) பார்த்திருக்கிறீர்களா? கள்ளம் தெரியாத ஒரு பெண்ணை ஊர் வாயே தப்பானவளாக்கிவிடும் கதை. படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த ஊர்தான், அடுத்த ஐம்பது வருடம் அவரைப் பற்றி அதே வாயால் பேசியது.

அவரைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் அனுப்புவது 1957-ல் வந்த ‘மாயாபஜார்’. கே.வி. ரெட்டி இயக்கியது. சசிரேகாவின் உருவத்தில் கடோத்கஜன் புகுந்துகொள்கிறான். கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ், ஆஜானுபாகு. அந்த முழு ராட்சசனையும் சாவித்திரி தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்கிறார். நாணிக் குனிகிற மணப்பெண் தலை சட்டென்று நிமிரும்போது தோள் அகன்றுவிடும், கண்ணில் மீசை முறுக்கல் தெரியும். யாராவது பார்த்தால் மறுபடி சசிரேகா. ஒப்பனை மாற்றம் இல்லை, கேமரா வித்தை இல்லை. அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயது. கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் காலை ஒரு மிதி மிதிப்பார். தெலுங்கில் அந்த மிதியை வாங்குகிறவர் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. அடுத்த நொடி ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார். சிரித்துவிட்டு, ரீவைண்ட் செய்து இன்னொரு முறை பாருங்கள்.