ஊருக்குப் புதியவர் எங்கே சாப்பிடுவது?



"மௌலவி, இந்த மாதம் சாப்பாட்டுக் கடையைப் பற்றியா எழுதப் போகிறீர்கள்?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. வீட்டில் அடுப்பெரியும் வரை கடைச் சோற்றைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. அடுப்பு அணைந்த அன்றுதான் அதன் அருமை தெரியும். என் வீட்டில் அது ஆறு கிழமை அணைந்து கிடந்தது.

கொழும்பு நகரத்துக்குள் சிறு அறைக்குக் கொடுத்த வாடகையில், ஹைலெவல் வீதியோரம் மஹரகமைக்கு அப்பால் ஒரு முழு வீடே கிடைத்ததால் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். மருதானையில் இருந்தபோது நோன்பு திறந்த பின் நள்ளிரவு வரை கொத்து ரொட்டித் தட்டின் சத்தம் கேட்கும். இங்கே இரவு ஒன்பது மணிக்குத் தெரு உறங்கிவிடும். 138ஆம் இலக்க பஸ்ஸும் களனிவெளி ரயிலும்தான் துணை. மஹரகம, பன்னிபிட்டிய, கொட்டாவை, ஹோமாகம என்று வரிசையாக நீளும் இந்த ஊர்களில் நம்மவர்கள் சிதறியே வாழ்கிறார்கள். 2011இல் கொட்டாவையிலிருந்து தெற்கு அதிவேகப் பாதை திறந்த பின் கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடைக்குள் நம்பி நுழைவது என்பதுதான் கேள்வி.

இந்த நிலையில் சம்மாந்துறையிலிருந்து என் ராத்தா மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்காக வந்தார். ஆறு கிழமை, வாரத்தில் ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சை. அவர் வந்த மூன்றாம் நாள் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எனக்கோ அரபு இலக்கணம் வரும். ஆணம் காய்ச்ச வராது. "சாப்பாட்டில் கவனம். சூடாக, புதிதாக, உறைப்புக் குறைவாகக் கொடுங்கள். இப்போது ஒரு வயிற்றோட்டத்தைக் கூட இவரது உடம்பு தாங்காது" என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? பெரிய வீதியில் பச்சை எழுத்தில் 'ஹலால்' என்று பலகை தொங்கிய ஒரு கடைக்குள் நுழைந்தேன். கூட்டமும் இருந்தது. "ஹலால்தானே தம்பி?" என்று கேட்டேன். "நம்ம கடையிலயா சந்தேகம் மௌலவி?" என்றார் முதலாளி. மூன்று நாள் அங்கேயே சோறும் கோழிக் கறியும் கட்டினேன். நான்காம் நாள் இரவு ராத்தாவுக்கு வயிறு குழம்பியது. விடியுமுன் எழுந்து நடக்கவும் முடியாமல் போனது. இரண்டு நாள் சிகிச்சை தடைப்பட்டது. அந்தக் கறிதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அன்று பகல் பொதியை அவிழ்த்தபோதே என் மனைவி முகத்தைச் சுளித்தது நினைவிருக்கிறது.

"நீங்க ஹலாலா எண்டு மட்டும்தானே கேட்டீங்க. நேத்தைய கறியா எண்டு கேக்கல்லயே" என்றார் அவர்.

இருபது வருடமாக மாணவர்களுக்கு நான் கற்பிக்கும் பாடம் அது. ஹலால் ஒரு சொல். தய்யிப் என்பது அதன் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு சொல். அனுமதிக்கப்பட்டது என்பது ஒன்று. நல்லது, தூயது, உடம்புக்கு ஒத்தது என்பது மற்றொன்று. நான் முதற் சொல்லை மட்டும் கேட்டு விட்டு, இரண்டாவதைக் கடை வாசலிலேயே விட்டு வந்துவிட்டேன்.

குகைவாசிகள் அனுப்பிய ஆள்

சூரத்துல் கஹ்பை நம்மில் அநேகர் வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். குகைவாசிகள் நெடுந்தூக்கத்திலிருந்து விழித்ததும் தங்களில் ஒருவரை வெள்ளிக் காசுடன் நகருக்கு அனுப்பிய இடம் உங்களுக்குத் தெரியும். பசித்தவர்கள் கிடைத்ததை வாங்கி வா என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்கே உணவு தூய்மையானது என்று அவர் தேடிப் பார்க்க வேண்டும், அதிலிருந்து வாங்கி வர வேண்டும், நயமாக நடந்துகொள்ளவும் வேண்டும் என்றே விரும்பினார்கள். புதிய ஊரில் உணவு தேடுபவருக்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு எது? தேட வேண்டும், தூய்மையைப் பார்க்க வேண்டும், நயமாகக் கேட்க வேண்டும்.

ராத்தா எழுந்து உட்கார்ந்ததும், மனைவி கட்டுப் போட்ட கையோடு எனக்கு ஆசிரியையானார். அவர் சொன்னவற்றையும் நான் அலைந்து கற்றவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலில், கடைக்காரரிடம் கேட்காமல் அந்த ஊரில் தினமும் வெளியே சாப்பிடுகிறவரிடம் கேளுங்கள். முச்சக்கர வண்டிச் சாரதி, பாமசியில் வேலை செய்யும் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நோயாளியோடு நெடுநாள் தங்கியிருப்பவர், லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டுகிற வாலிபர். "எது ருசி?" என்று கேட்டால் ஆளுக்கொரு கடை சொல்வார்கள். "உங்கள் உம்மா சுகமில்லாமல் இருந்தால் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்து ஒரே கடையைச் சொல்வார்கள்.

இரண்டாவது, நேரத்தைப் பாருங்கள். நல்ல கடைக்கும் கெட்ட நேரம் உண்டு. பகல் சோறு பன்னிரண்டு மணிக்கு ஆவி பறக்கும். மூன்று மணிக்கு அதே சோறு ஆறிக் கிடக்கும். வெந்த சோற்றிலும் சாகாத கிருமி வித்து உண்டு. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. நேற்றைய சோற்றில் போட்ட ஃப்ரைட் ரைஸ் நோயாளிக்கு ஆகாது என்பது இதனால்தான். தேங்காய்ப் பால் விட்ட பருப்பும் தேங்காய்ச் சம்பலும் நம் வெயிலில் முதலில் கெடுபவை. அவற்றை வாங்கினால் உடனே சாப்பிடுங்கள், இரவுக்கு வைக்காதீர்கள். காலையில் கண்ணாடி அலுமாரிக்குள் போன ரோல்ஸும் பெட்டிஸும் மாலை வரை அங்கேயே இருந்தால், அவற்றைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள்.

மூன்றாவது, கைகளைப் பாருங்கள். காசு வாங்குகிற கையே அப்பத்தையும் எடுக்கிறதா? கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா? பொரிக்கும் எண்ணெய் கறுத்து நுரைக்கிறதா? வடையைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தருகிறார்களா? கொதிக்கிற கறியை மெல்லிய பொலித்தீனில் ஊற்றுகிறார்களா? லஞ்ச் சீட் 2017இலேயே தடை செய்யப்பட்டது. அதை இன்னும் ஒளித்து வைத்து வழங்குகிறவர் வேறு எதை ஒளிப்பார் என்றும் யோசிக்கத் தோன்றும். வீட்டிலிருந்து மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது.

நான்காவது, சுவரைப் பாருங்கள். உள்ளூராட்சி சபை வருடாவருடம் கொடுக்கும் வியாபார அனுமதிப்பத்திரம் தொங்குகிறதா, இந்த வருடத்துக்குரியதா என்று கவனியுங்கள். 'ஹலால்' என்று தாமே எழுதிய பலகை வேறு, சான்றிதழ் வேறு. 2013இல் எழுந்த சர்ச்சைக்குப் பின் ஜம்இய்யத்துல் உலமா அந்தப் பணியிலிருந்து விலகியது. இப்போது அதற்கென்றே அமைந்த தனி நிறுவனம் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழ் என்றால் அதில் கடையின் பெயரும் காலாவதித் திகதியும் இருக்கும். சிறிய கடைகளில் பெரும்பாலும் அது இராது. இல்லாததை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டால் போதும். நேர்மையானவர் கடையின் பெயரோடு பதில் சொல்வார்.

ஐந்தாவது, நம்மவர் கடை இல்லாத இடத்தில் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சைவக் கடையில் தோசையும் இடியப்பமும் இருக்கின்றன. சிங்களச் சகோதரியின் வீட்டு வாசலில் அப்பமும் கந்தவும் கிடைக்கும். பத்தரமுல்லையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' நிலையத்தில் பெண்களே நம் நாட்டுத் தானியங்களில் கண்ணெதிரில் சுட்டுத் தருகிறார்கள். ஒரே எண்ணெயில் பன்றி இறைச்சியும் பொரிக்கிறார்களா என்பதை மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். என் அனுபவத்தில் ஒருவரும் கோபிக்கவில்லை.

பெண்களுக்கென்று இன்னும் ஒன்று உண்டு. பிள்ளையோடு போகும் தாய் அமரக் கதிரை இருக்கிறதா, போய்வர மலசலகூடம் இருக்கிறதா என்பதை நாங்கள் ஆண்கள் கவனிப்பதே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணித்தியாலம் நின்ற பெண்ணுக்குக் கறியின் ருசியைவிட அது பெரிது. அப்படியொரு கடையைக் கண்டால் அதை மற்றப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

கிடைத்த மூன்று இடங்கள்

இப்படித் தேடியதில் எங்களுக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்று, ரயில் பாதைக்குப் பின்னால் நான்கு மேசை போட்ட சிறு தேநீர்க் கடை. மாவனெல்லைக்காரர் நடத்துகிறார். குசினியைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். திரையை அவரே விலக்கி, "வாங்க மௌலவி, பாருங்க" என்றார். மிஞ்சிய கறியை என்ன செய்வீர்கள் என்றேன். "ராவைக்கே கொடுத்து முடிச்சிருவேன். கறியை மிச்சம் பிடிச்சா கடை மிஞ்சாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே சாப்பிடலாம்.

மற்றது, வீட்டிலிருந்து பகல் சோறு சமைத்துக் கொடுக்கும் நம் சகோதரி ஒருவர். முதல் நாள் அஸருக்கு முன் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து பொதிக்கு மேல் எடுக்க மாட்டார். ராத்தாவுக்கென்று உறைப்பில்லாமல் ஒரு சின்னச் சட்டியில் தனியே வைப்பார்.

மூன்றாவது, தெரு முனையில் விடிகாலையில் பெரிய பானையோடு உட்காரும் சிங்கள அம்மா. வல்லாரையும் சிவப்பரிசியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த கொலகந்த. கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி. ஏழரை மணிக்குப் பானை காலி. ராத்தாவால் வேறெதுவும் விழுங்க முடியாத நாட்களில் அந்தக் கந்தவே இறங்கியது. நான் போத்தலை நீட்டும்போதெல்லாம் "அக்காட்ட கொஹொமத?" என்று விசாரிப்பார். ஒரு மழை நாள் நான் பிந்திவிட்டேன். பானையைக் கவிழ்த்துவிட்டார், ஆனால் போகாமல் குடையோடு நின்றுகொண்டிருந்தார். ராத்தாவின் பங்கைத் தன் சூட்டுப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார். காசு கொடுத்தேன். "நோயாளிக்கு எடுத்து வைத்ததற்குக் காசா?" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அந்த முதற் கடையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கோபத்தில் பள்ளிவாசலில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வர நினைத்தேன். மனைவிதான் தடுத்தார். "முதல்ல அவருக்கிட்ட சொல்லுங்க" என்றார். கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை, தலை குனிந்தார். சமையற்காரர் இருவர் போய்விட்டதையும், மிஞ்சுவதைக் கொட்ட மனம் வராததையும் சொன்னார். 2022இல் காஸுக்கும் அரிசிக்கும் பட்ட பாடு இன்னும் பல கடைக்காரரின் மனதில் கிடக்கிறது. ஆனாலும் நட்டத்தை நோயாளியின் வயிற்றில் இறக்கி வைக்க முடியாதல்லவா? அதையும் சொன்னேன். இப்போது அங்கே கறித் தட்டுகள் சிறியனவாகிவிட்டன. திருந்தாதவர் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுவது பாவமல்ல; சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்கிறது. கேட்டு வருபவருக்கு எச்சரிப்பது வேறு, ஒருவரின் பிழைப்பைத் தெருவெங்கும் இழுப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. நாவை வைத்திருக்கும் எல்லோரும் அதைக் கவனிக்க வேண்டும், நான் உட்பட.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்முனையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் மஹரகமைக்கு நோயாளிகளோடு வருபவர்கள் முதல் நாளே என்னைப் போலத் தடுமாறுகிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோ கெம்பஸோ இருக்கலாம். நம்பிச் சாப்பிடக்கூடிய நாலைந்து இடங்களை, திறக்கும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். எது நல்ல கடை என்று ஆண்களைவிட உங்களுக்கே தெரியும். மூடியைத் திறந்ததும் கறியின் வயதைச் சொல்பவர்கள் நீங்கள். கைப்பக்குவம் உள்ளவர்கள் பத்துப் பொதி சமைத்துக் கொடுத்தால், உங்கள் வீட்டுக்கும் வருமானம். ஒரு நோயாளிக்கும் நிம்மதி.

ராத்தா சிகிச்சை முடிந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். போன மாதம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டும் நமக்குத்தான் என்று நினைத்து நான் கயிற்றை அவிழ்த்தேன். தொலைபேசியில் ராத்தா அதட்டினார். "தம்பி, பெரிய சட்டி கந்தக்கார அம்மாவுக்கு. சின்னதுதான் ஒனக்கு."

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.