வீட்டுக் கதவும் இணையக் கதவும்



சென்ற ஆண்டு பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: “டீச்சர், போன வருஷம் என் மகன் வாசிச்சதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களாமே, கேட்கலாமா?” இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டித் திணறிய பிள்ளை அவன். மூன்றாம் ஆண்டில் தங்குதடையின்றி வாசிக்கின்றான். அந்த வளர்ச்சியைத் தாய் தன் காதால் கேட்பதைவிடச் சிறந்த தேர்ச்சி அறிக்கை வேறென்ன இருக்கிறது? ஆனால், அன்று என்னால் அதனைத் திறந்து காட்ட முடியவில்லை.

பெற்றோரின் இசைவோடு பதிவுசெய்த மாணவர் குரல்களையும் பயிற்றுத் துணைப்பொருள்களையும் வீட்டிலுள்ள சேமிப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்குக் கண்ணாடியிழைக் கம்பி வரவில்லை. சிம் அட்டை போட்ட மோடம்தான் எங்கள் வீட்டு இணையம். வீட்டுக்குள் கைப்பேசியில் எல்லாம் திறக்கும். பள்ளியிலிருந்து முயன்றாலோ பதிலே வராது.

இதற்குக் காரணம் முகவரிப் பஞ்சம். ஐ.பி.வி.4 என்னும் பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. ஆகவே, கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. இதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் மோடத்துக்கு நிறுவனம் தந்துள்ள முகவரி அவ்வாறோ 10 என்றோ தொடங்கினால், நீங்களும் அந்தப் பகிர்வுக்குள் இருக்கின்றீர்கள்.

வீட்டெண் இல்லாமல் அடுக்குமாடிக் கட்டடத்தின் பெயரை மட்டும் எழுதிய கடிதம் போன்றதுதான் இது. காவலர் அதனை யாரிடம் கொடுப்பார்? உள்ளிருந்து நாம் முதலில் கேட்டதற்கான பதில் மட்டுமே உள்ளே வரும்.

“பணம் கட்டிப் பொது முகவரி வாங்கு; மோடத்தில் ஒரு வாசலைத் திறந்துவிடு; முடிந்தது” என்றார் நண்பர் ஒருவர். அப்படிச் செய்யலாம்தான். ஆனால், அந்த வாசல் எனக்கு மட்டும் திறப்பதன்று, உலகுக்கே திறப்பது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் மோடங்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றைக் கொண்டே பெரிய இணையத் தளங்கள் பலவற்றை முடக்கினார்கள். இதைப் படித்தபின் என் பெட்டியைச் சோதித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன்: அதிலும் பழைய கடவுச்சொல்லே இருந்தது!

ஆகவே, வேறு வழியைத் தேர்ந்தேன். வெளியிலிருந்து உள்ளே நுழைவதற்குப் பதிலாக, வீட்டுப் பெட்டியே முதலில் வெளியே அழைக்கட்டும்; என் கைப்பேசியும் அவ்வாறே அழைக்கட்டும்; இரண்டும் நடுவில் சந்தித்து, மறையாக்கம் செய்த சுரங்கப்பாதை ஒன்றை அமைத்துக்கொள்ளட்டும். ‘வயர்கார்ட்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இத்தகைய பாதையை அமைக்கும். 2020இல் அது லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்டது. பொது முகவரியுள்ள சிறு வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதனை நடுவில் வைக்கலாம். அது கடினமென்றால், ‘டெயில்ஸ்கேல்’ போன்ற சேவைகள் சந்திக்கும் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது. எந்த வாசலையும் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாயாரை அழைத்தேன். மகனின் பழைய குரலைக் கேட்டு முதலில் சிரித்தார்; பின்னர்க் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இங்கேதான் என் கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். ‘எங்கிருந்தும் பார்க்க முடிகிறதா?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘வேறு யாரால் பார்க்க முடியும்?’ என்பதே முதற்கேள்வி. பிள்ளைகளின் குரலும் முகமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. நம் உடைமை அல்ல. அவற்றை வைத்திருக்கும் ஆசிரியருக்குக் கடவுச்சொல்லை மாற்றுவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும், தேவை முடிந்ததும் அழிப்பதும் கடமையாகும்.

பெற்றோர்களே, குழந்தையைக் கவனிக்க வீட்டில் கேமரா பொருத்தியிருப்பீர்கள். அலுவலகத்திலிருந்து பார்க்க முடிகிறதே என்று மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். அதன் கடவுச்சொல் நீங்கள் இட்டதுதானா என்று இன்றிரவே பாருங்கள்.

இரவில் வாசற்கதவைப் பூட்டினோமா என்று இருமுறை பார்க்கும் மக்கள் நாம். இந்தக் கதவையும் ஒருமுறை பார்த்துவிடுவோமே!