மடுவை வித்துட்டு மீனைத் தேடுறோம்

எதுத்த வீட்டு மச்சானோட மவன் வான்கூவர்ல இருக்கான். போன வாரம் வாட்ஸப்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். படகுல அஞ்சாறு பேரு, ஃப்ரேசர் ஆறு. தூண்டில்ல மாட்டுன ஸ்டர்ஜன் மீனோட ரொம்ப நேரம் மல்லுக்கட்டி கரைக்குக் கொண்டாறாங்க. ஆள் உசரத்துக்கு மேல இருக்கு. நீளத்தை அளந்தாங்க, உடம்புல சிப் இருக்கான்னு ஒரு கருவியை வெச்சுப் பார்த்தாங்க, அப்புறம் தண்ணியிலயே விட்டுட்டாங்க.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? கொழம்பு வெச்சா நம்ம தெருவுக்கே காணுமேடா"ன்னு மச்சானுக்கு ஆத்தாமை. அந்த வேகத்துலதான் ஞாயித்துக்கிழமை கொள்ளிடத்துக்குக் கெளம்புனோம். நானு, மச்சான், ரிட்டயர்டான தபால்காரர், என் பெரியப்பா மவன். நாலு தூண்டி, கொட்டாங்குச்சி நெறைய நாக்குப்பூச்சி, தூக்குல பழைய சோறு. அஞ்சு மணிக்கே ஆத்துல எறங்கிட்டோம்.

மத்தியானம் 2 மணி வரைக்கும் உக்காந்து கெடச்சது என்ன தெரியுமா? உள்ளங்கை அளவுல பதினோரு ஜிலேபிக் கெண்டை, விரல் நீளத்துல ஒரே ஒரு கெளுத்தி. ஜிலேபி நம்ம ஆத்து மீனே கெடையாது. 1952ல வெளியிலேருந்து கொண்டாந்து விட்டது. எந்தக் குட்டையிலயும் பொழைச்சுக்கும். அப்ப நம்ம ஆத்து மீனுன்னு கையில வந்தது அந்த ஒத்தைக் கெளுத்திதான்.

நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப இதே எடத்துல பெரிய மடு ஒண்ணு இருந்துச்சு. சித்திரை வெயில்ல ஆறு முழுக்க மணலாக் கெடந்தாலும் மடுவுல மட்டும் ரெண்டாள் ஆழத்துக்குத் தண்ணி நிக்கும். எங்கப்பா அங்க புடிச்ச வாளை ஒண்ணு என் நெஞ்சு உசரம் இருந்துச்சு. ஆரா, விரா, சேல்கெண்டை எல்லாம் இருக்கும்.

ஊருக்கு வர்ற டவுன்காரங்க, "நீங்கதான் சின்ன மீனைக்கூட விடாம வலை போட்டு அரிச்சுத் தீர்த்துட்டீங்க"ன்னு சொல்றாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, இல்லேங்கல. கொசுவலை கட்டி அரிக்கிறவனும் இருக்கான், பேட்டரி கரண்ட்டு வெச்சுப் புடிக்கிறவனும் இருக்கான். அவனுங்களை நான் தாங்கிப் பேச மாட்டேன். ஆனா மீனு செத்தது வலையால மட்டும் இல்ல. மடு செத்துச்சு, அதோட மீனும் செத்துச்சு.

மடுங்கறது வெறும் பள்ளம் இல்லைங்க. ஆத்து மணலு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். ஆத்துல ஓட்டம் நின்ன பொறவு, அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊறி மடுவுக்கு வரும். அதனாலதான் கோடையிலயும் தண்ணி குளுந்து கெடக்கும். முட்டை போடுற தாய் மீனுங்க அங்கதான் ஒண்டிக்கிட்டு நாள் கடத்தும். புதுத்தண்ணி வந்ததும் வாய்க்கா, வயலுன்னு ஏறிப் போய் குஞ்சு பொரிக்கும். மடு எங்களுக்கு வெதைநெல்லு மாதிரி.

"மணல் அள்ளினாலும் பள்ளம்தானே விழுது, அதுல மீன் இருக்காதா?"ன்னு ஒரு தம்பி போன்ல கேட்டாரு. இருக்காது தம்பி. களிமண்ணு தெரியற வரைக்கும் மிஷினால வழிச்சு எடுத்துட்டா ஊறுறதுக்கு மணலு எங்க இருக்கு? மழைத்தண்ணி கொஞ்ச நாள் நிக்கும், வெயில்ல கொதிக்கும், அப்புறம் காஞ்சு போவும். எங்க மடு இப்ப மாசியிலயே வெடிச்சுக் கெடக்கு. பக்கத்துல எங்க போர் தண்ணியும் அதோடயே கீழ போயிருச்சு.

இப்ப நான் வெக்கப்பட வேண்டிய விசயத்தையும் சொல்லிடறேன். குவாரி வந்தப்ப கோயில் கும்பாபிஷேகத்துக்குன்னு ஊருக்குப் பணம் குடுத்தாங்க. ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். மச்சானும்தான். அவரு மவன் அனுப்புன காசுல கட்டுன மாடி வீடு முழுக்க இந்த ஆத்து மணலு. அங்க மீனைப் பத்திரமா தண்ணியில விடுற அதே கைதான் இங்க மணலுக்குப் பணம் அனுப்பியிருக்கு. மச்சான் கிட்ட இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல.

வெள்ளைக்காரன் நல்லவன், நாம கெட்டவன்னு சொல்ல வரல. 1900 வாக்குல அவங்களும் வியாபாரத்துக்காக ஸ்டர்ஜனைப் புடிச்சுப் புடிச்சே காலி பண்ணவங்கதான். நூறு வருசத்துக்கு மேல வாழக்கூடிய மீனு அது, அழிச்சா லேசுல திரும்பாது. 1994லேருந்து தூண்டில்ல புடிச்சா விட்டுடணும்னு சட்டம் வந்துச்சு. அந்த மூல ஆத்துக்குக் குறுக்கே அணையும் கெடையாது. மீனுக்கு வழியும் இருக்கு, எடமும் இருக்கு.

நம்ம ஆத்துல கடல்லேருந்து உல்லம் மீனு முட்டை போட ஏறி வந்த காலத்தை எங்க தாத்தா சொல்லுவாரு. கீழணை, மேலணை, 1934ல மேட்டூருன்னு வரிசையா வழி மறிச்சாச்சு. அணையை இடிங்கன்னு நான் கேக்க முடியாது, அந்தத் தண்ணியிலதான் நெல்லு வெளையுது. வழி போனது போச்சு, மிச்சமிருந்த எடத்தையாவது விட்டுவெச்சிருக்கலாமேங்கறதுதான் என் ஆத்திரம்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மடு இருக்கற எடத்தைச் சுத்தி ஒரு சட்டி மணலும் எடுக்கக் கூடாது. கோடையில மடுவுல வலையே போடக் கூடாது. மொத ரெண்டாவது எங்க பொறுப்பு, ஊருக்கூட்டத்துல பேசப் போறேன். மணலு விசயம் உங்க பொறுப்பும்தான். வீடு கட்டும்போது லாரிக்காரர் கிட்ட வெலையை மட்டும் கேக்காதீங்க, எந்த ஆத்துல எங்க அள்ளுனதுன்னும் கேளுங்க. பில்லு இல்லாத மணலை எறக்காதீங்க.

அந்த ஒத்தைக் கெளுத்தியை மச்சானே தண்ணியில விட்டுட்டாரு. அது பொழைக்குமான்னு தெரியல, அந்தக் குட்டையில இன்னும் இருவது நாளைக்குத்தான் தண்ணி நிக்கும்.