சமநிலை என்றால் ஓய்வு அல்ல!

தராசின் இரண்டு தட்டுகளும் சமமாகிவிட்டால் முள் அசையாமல் நின்றுவிடும். 'சமநிலை' என்றதும் பலருக்கும் நினைவு வருவது இந்தத் தராசுதான்.

ரசாயனப் பாடத்தில் வரும் சமநிலையையும் மாணவர்கள் இப்படியே எண்ணிக் கொள்கிறார்கள். மாற்றம் நடந்தது, முடிந்தது, எல்லாம் அடங்கிவிட்டது என்பது அவர்கள் நினைப்பு. பரீட்சைக்குச் சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறார்கள். மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள்.

ஆனால், அது தராசு அல்ல. ஓடுகிற டவுன் பஸ்!

ஏறுவதும் இறங்குவதும்

பஸ்ஸில் 50 பேர் இருக்கிறார்கள். ஒரு நிறுத்தத்தில் 5 பேர் இறங்குகிறார்கள். 5 பேர் ஏறுகிறார்கள். அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. கண்டக்டர் எப்போது எண்ணினாலும் கணக்கு 50தான். ஆனால், புறப்பட்டபோது இருந்தவர்கள் கடைசியில் இல்லை.

ரசாயன சமநிலையும் இப்படித்தான். இரண்டு பொருள்கள் சேர்ந்து புதுப் பொருள் உண்டாகிறது. அதே வேகத்தில் அந்தப் புதுப் பொருள் பிரிந்து பழையபடி ஆகிறது. வெளியே பார்த்தால் அசைவே இல்லை. உள்ளே ஓயாத போக்குவரத்து!

"இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கலாம். உயிர் பிழைக்கும் வழியே இதில் இருக்கிறது.

அறைக்குள் எமன்

குளிருக்கு அஞ்சி, கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கரி அடுப்பை மூட்டிக் கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கரி சரியாக எரிவதில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு பெருகுகிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை.

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். பிராணவாயுவின் இடத்தை இந்த விஷ வாயு பறித்துக் கொள்கிறது என்று பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1857-ல் எழுதினார். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அது ஒட்டிக் கொள்கிறது.

அந்தப் பிடி பூட்டுப் போட்டதுபோல் நிலைத்துவிட்டால், எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால், அத்தனை இறுகப் பிடித்த வாயுவும் அவ்வப்போது இறங்குகிறது! காலியான இடத்தில் யார் ஏறுவது என்பதுதான் கேள்வி. பிராணவாயு மிகுந்திருந்தால் அதற்கே வாய்ப்பு அதிகம். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.எஸ். ஹால்டேனும் அவருடன் உழைத்தவர்களும் 1912-ல் இந்தப் போட்டியைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள்.

பிராணவாயு செய்யும் வேலை

ஆஸ்பத்திரியில் சுத்தமான பிராணவாயு கொடுப்பது இதனால்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், ரத்தத்தில் உள்ள விஷ வாயுவில் பாதி வெளியேற 4 அல்லது 5 மணி நேரம் ஆகும். சுத்தமான பிராணவாயு கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். சமநிலை பிராணவாயுவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆகவே, மயங்கிக் கிடப்பவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வகுப்பில் சூத்திரத்துக்கு முன்னால் சொல்லித் தர வேண்டியது இந்த விஷயத்தைத்தான். கரும்பலகையில் எதிரும் புதிருமாகப் போடும் இரண்டு அம்புக் குறிகளுக்கு அர்த்தம் இதுவே. அர்த்தம் தெரிந்த மாணவன், அறையை அடைத்துக் கொண்டு கரி மூட்ட வீட்டில் யாரையும் விடமாட்டான்!